சிறு ஜோடியும் அடுத்தடுத்த சீட்டும்: ரெய்ஸா, வெறும் காலா?

காவேரிப்பட்டணத்துக்கு அருகே நண்பர் ஒருவரின் மாந்தோப்பு வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிப் போக்கர் ஆடுகிறோம். பணம் வைப்பதில்லை, மாதக் கடைசியில் சிப் கணக்கில் பின்தங்குபவர் மற்ற அனைவருக்கும் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சமைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய பிறகு, கைபேசியிலேயே ஆடிப் பழகிய ஓசூர் இளைஞர்கள் இருவர் எங்களோடு சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "அண்ணா, ஆடுற சீட்டுன்னா ஏத்துங்க, இல்லைன்னா போட்டுடுங்க, நடுவுல நிக்காதீங்க" என்றார். அவர் சொன்னபடி சில மாதங்கள் ஆடிப் பார்த்துவிட்டு, நான் மறுபடியும் வெறும் காலுக்கே, அதாவது ரெய்ஸ் செய்து பந்தயத்தை ஏற்றாமல் கேட்ட அளவை மட்டும் கொடுப்பதற்கே, திரும்பினேன்.

2 முதல் 6 வரையான சிறு ஜோடிகளையும், ஆட்டின் 7, 8 போல ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டுகளையும் பற்றியே பேசுகிறேன். இவை கையில் இருக்கும்போது ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டான ஃப்ளாப் இந்த இரண்டு சீட்டோடு பொருந்தினால் பெரிய கை. ரம்மியில் ஸ்கூட் விடுவதா, இன்னும் ஒரு சீட்டுக்குப் பார்ப்பதா என்று தயங்குவோமே, அதே தயக்கம்தான்.

ரெய்ஸின் நன்மைகள் அனைவரும் அறிந்தவை. எதிரிகள் சீட்டைக் கீழே வைத்தால் ஃப்ளாப் பார்க்காமலே பாட் (நடுவில் சேர்ந்த சிப்) நமக்கு வரும். வைக்காவிட்டாலும் நம்மிடம் ஏஸ், கிங் இருப்பதாக எண்ணி அடுத்த சுற்றில் அஞ்சுவார்கள். ஆனால் இரண்டுமே எதிரி சீட்டைக் கீழே வைப்பார் என்ற நம்பிக்கையில் நிற்பவை. தோப்பு வீட்டு மேசையில், அரை மணி நேரம் காத்திருந்து கிடைத்த சீட்டை 10 சிப்புக்காக யாரும் விடுவதில்லை.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றே: ஃப்ளாப் பார்க்கக் கொடுக்கும் விலைக்கும், அதன் பிறகு கையில் மிஞ்சும் சிப்புக்கும் உள்ள விகிதம். எங்கள் பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம், 1, 2. ஒவ்வொருவரிடமும் 200 சிப். ஐந்து பேர் 2 கொடுத்துப் பார்த்தால் பாட்டில் 10, கையில் 198; மிச்சம் பாட்டைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. அதே ஐந்து பேர் ஆளுக்கு 10 கொடுத்தால் பாட்டில் 50, கையில் 190. நான்கு மடங்குகூட இல்லை.

ஒரு மாலை ஆட்டின் 7, 8 வைத்து 10க்கு ரெய்ஸ் செய்தேன். நால்வர் கால் செய்தார்கள். ஃப்ளாப்பில் கிங்கோடு இரண்டு ஆட்டின்; இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே சின்னமாகி ஃபிளஷ். முன்னால் இருந்தவர் 40 போட, இன்னொருவர் கொடுக்க, நானும் கொடுத்தேன். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) ஆட்டின் வரவில்லை. முதலாமவர் மிச்சமிருந்த 150ஐயும் நடுவில் தள்ளினார். மீதி ஒரே சீட்டில் எனக்கு உதவக்கூடியவை 9. அதாவது 100க்கு 20 வாய்ப்பு. நடுவில் இருந்த 320க்காக அந்த 150ஐக் கொடுக்க 100க்கு 32 வாய்ப்பாவது தேவை. சீட்டைக் கீழே வைத்தேன். கையிருப்பில் கால் பங்கு போய்விட்டது. அதே கையை வெறும் காலில் ஆடியிருந்தால் ஃப்ளாப்பில் பந்தயம் 8, 10 என்ற அளவிலேயே இருந்திருக்கும், நான் இழந்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே.

மறு ரெய்ஸும் இதே விகிதத்தைத்தான் கெடுக்கிறது. பின்னால் பெரிய ஜோடி வைத்திருப்பவர் 10ஐ 35 ஆக்கினால், சிறு ஜோடியை வைத்துக்கொண்டு இன்னும் 25 கொடுக்க மனம் வருவதில்லை. ஜோடிக்கு ஃப்ளாப்பில் அதே எண்ணின் மூன்றாவது சீட்டு வந்து செட் ஆவது எட்டரைக்கு ஒரு முறை மட்டுமே. விலையைப் போலப் பதினைந்து மடங்காவது எதிரியிடம் மிச்சமிருக்க வேண்டும் என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. 25க்கு அது 375, எங்கள் மேசையிலோ 200தான். 2 கொடுத்தவருக்கு இந்தக் கவலையே எழாது.

சிறு ஜோடியில் மட்டும் எதிர்த்தரப்பு வாதத்தை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. செட் அமைந்தபோது பாட் 10 ஆக இருந்தால், எதிரியின் 200ஐயும் கறப்பது கடினம். பாட் 50 என்றால் அது இயல்பாகவே நடக்கும். ஆகவே 5 ஜோடிக்கோ 6 ஜோடிக்கோ எப்போதாவது ரெய்ஸ் செய்பவரை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஒரே சின்னச் சீட்டுகளுக்கு அந்தச் சலுகை இல்லை, ஏனெனில் அவை ஃப்ளாப்பிலேயே ஃபிளஷ்ஷாக அமைவது நூற்றில் ஒரு முறைகூட இல்லை; பொருந்தினாலும் பெரும்பாலும் பாதிக் கையாக நின்று, அடுத்த சீட்டுக்கும் விலை கேட்கின்றன.

கையிருப்பு 40 சிப்புக்குக் குறைந்துவிட்டால் ரெய்ஸும் வேண்டாம், காலும் வேண்டாம். சீட்டைக் கீழே வைத்துவிடுகிறேன். பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இடத்தில்) உட்கார்ந்திருக்கும்போது முன்னால் எல்லோரும் சீட்டை விட்டுவிட்டால், மிஞ்சியிருப்பது பிளைண்ட் இருவர் மட்டும் என்பதால் ரெய்ஸ் செய்கிறேன். நான்கைந்து பேர் மட்டும் வரும் மழைக்கால ஞாயிறுகளில் எது சரி என்பதில் எனக்கு உறுதி இல்லை; அப்படி ஆடியவை என் குறிப்பேட்டில் முப்பது கைகள்கூட இருக்காது, அவற்றில் ஓசூர்த் தம்பியின் ரெய்ஸ் என்னுடைய காலைவிட அதிகம் ஜெயித்திருக்கிறது.