வானவெளியைத் திரும்பத் திறந்தோம்: குளியலறைக்கு மேல்வெளிச்சம், ஏழு வருட அனுபவம்

செங்கோட்டையில் எங்கள் வீடு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும் நீளவாக்கு வீடு. தார்சா, பட்டாசாலை, ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ரெண்டாங்கட்டில், மேலே கூரையில்லாமல் வானம் பார்த்துத் திறந்திருந்த இடமான வானவெளியை அப்பா 1987-இல் கான்கிரீட் போட்டு மூடினார். சாரல் காலத்தில் வீடெல்லாம் ஈரம், அதோடு குற்றாலத்துக் குரங்குத் தொல்லை. அன்றைக்கு அவர் செய்தது சரிதான். ஆனால் பிற்பாடு அந்த இடத்தைத் தடுத்துக் குளியலறை ஆக்கினோம். வெளிச்சுவர் ஒன்றுகூட இல்லாத குளியலறை. நட்டநடுப் பகலிலும் லைட் போடாமல் உள்ளே கால் வைக்க முடியாது. ஆடிக் காற்றில் கரண்ட் போனால் அவ்வளவுதான்.

2018-இல் அம்மாவின் மூட்டுவலிக்காக ஐந்தடி அக்ரிலிக் தொட்டி ஒன்று வைத்தோம். வெந்நீரில் கால் நீட்டி உட்கார்ந்தால் அவளுக்கு இதமாக இருக்கும். தொட்டியின் தலைமாட்டில் ஷவர். அப்போதுதான் மேலே திறந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவள். இருட்டில், எண்ணெய்க் காலோடு, தொட்டி விளிம்பைத் தாண்டி இறங்குவதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

தொட்டிக்கு நேர் மேலே இரண்டடிக்கு மூன்றடி திறப்பு. கான்கிரீட்டை வெட்டுவதற்கு முன் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டியது நல்லதாகப் போயிற்று. கம்பிகளை வெட்டி எறியாமல் ஓரத்துக்கு மடக்கி, சுற்றிலும் கட்டு போடச் சொன்னார். இதை மேஸ்திரியின் கைக்கணக்குக்கு விடாதீர்கள்.

முதலில் போட்டது பாலிகார்பனேட் ஷீட். விலை குறைவு, உடையாது என்றார்கள். உடையத்தான் இல்லை. ஆனால் மூன்றாம் வருடத்திலேயே வெயில் பட்டுப் பட்டு மஞ்சள் பூத்துவிட்டது. வெள்ளைத் தொட்டியே பழைய தந்தம் மாதிரி தெரியும். மழை பெய்தால் தகரக் கொட்டகைக்குள் இருப்பது போல் ஒரே இரைச்சல். அதைவிடப் பெரிய தப்பு, மேஸ்திரி அதைக் கிட்டத்தட்ட மட்டமாகப் பதித்திருந்தார். மேலே தண்ணீர் தேங்கும், சருகு அழுகும், பாசி பிடிக்கும். அடிப்பக்கம் வெந்நீர் ஆவி பட்டுத் துளித்துளியாய்க் கோத்து, குளிக்கிறவர் முதுகில் சில்லென்று சொட்டும்.

2021-இல் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தோம். திறப்பைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, பெட்டி மாதிரி எழுப்பினோம். அதன்மேல் நல்ல சரிவாகக் கண்ணாடி. 6 மி.மீ. டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி இரண்டு, நடுவில் பால் நிறப் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகை. வெறும் டஃபன்ட் உடைந்தால் சிறு சிறு மணியாகக் கொட்டிவிடும். ஒட்டிய கண்ணாடி விரிசல் விட்டாலும் படலம் பிடித்துக்கொள்ளும். தலைக்கு மேல் போடுவதற்கு இதைத்தான் போட வேண்டும். பால் நிறம் என்பதால் பக்கத்து வீட்டு மாடியிலிருந்தும் ஒன்றும் தெரியாது. கண்ணாடியின் தாழ்ந்த ஓரத்தில் உட்பக்கமாகச் சின்ன அலுமினிய வாய்க்கால் வைத்தோம். ஆவித்துளிகள் சரிந்து அதில் சேர்ந்துவிடுகின்றன; முதுகில் சொட்டுவது நின்றது. குரங்குக்காக மேலே இரும்பு அழி (கம்பித் தடுப்பு). எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் ஆனது.

இதில் நான் அடித்துச் சொல்வது ஒன்று உண்டு: வெளிச்சத்துக்கு வழி விடும்போதே காற்றுக்கும் வழி விடுங்கள். எங்கள் ஊரில் சாரல் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். அதனால் அந்தப் பெட்டிச் சுவரின் கிழக்குப் பக்கத்தில் மட்டும் லூவரும் (சாய்ந்த பட்டிகள் கொண்ட காற்றுத் திறப்பு) கொசுவலையும் வைத்தோம். கதவின் அடியில் ஒரு அங்குல இடைவெளி. கீழே நுழையும் காற்று, சூட்டையும் ஆவியையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுகிறது. ஐப்பசி மழையில் கொஞ்சம் தூவானம் உள்ளே வரும். குளியலறைத் தரைதானே, நனைந்தால் நனையட்டும். முன்பெல்லாம் ஆனி, ஆடியில் டைல்ஸ் இடுக்கெல்லாம் கருப்பாகப் பூஞ்சை படரும். இப்போது தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலையில் மட்டும்தான்.

வெயிலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எங்கள் ஊர் கிட்டத்தட்ட 9 டிகிரி வடக்கில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் மதியம் 12.20 வாக்கில் வெளிச்சம் தூண் மாதிரி தொட்டிக்குள் இறங்கும். அப்போது சூடு இருக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் யாரும் குளிப்பதில்லை, துண்டும் மிதியடியும் நன்றாகக் காய்கின்றன. ஆனால் திறப்பை இன்னும் பெரிதாக வெட்டியிருந்தால் வருந்தியிருப்போம். ஆறடிக்கு ஒன்பதடி அறைக்கு இந்த அளவு போதும். சுவரெல்லாம் வெள்ளை என்பதால் மழைமூட்டத்திலும் காலை ஆறரைக்கே லைட் வேண்டியதில்லை.

இன்னொன்று. அடுக்களைப் பக்க நடைக்கும் கொஞ்சம் வெளிச்சம் போகட்டும் என்று ஷவருக்கு எதிரே சுவரில் ஒரு மங்கல் கண்ணாடி வைத்தோம். சொரசொரப்புப் பக்கத்தைத் தச்சர் உள்நோக்கி மாட்டிவிட்டார். தண்ணீர் பட்டதும் அந்த சொரசொரப்பு நிரம்பி, மங்கல் மறைந்து, கண்ணாடி தெளிந்துவிட்டது. நல்லவேளை, முதல் நாளே நான்தான் கவனித்தேன். திருப்பி மாட்டி, வழவழப்பான பக்கம் ஷவரைப் பார்க்க வைத்ததும் சரியானது.

தொட்டியைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. விளிம்பு உயரம், வயதானவர்களுக்கு ஏறி இறங்கக் கடினம். சுவரில் ஸ்டீல் கைப்பிடி இரண்டு பதித்த பிறகுதான் அம்மா தைரியமாக இறங்குகிறாள். ஆனால் வெளிச்சம் வந்தபின் நடந்த மாற்றம் பெரிது. எண்ணெய்க் குளியல் முடிந்த தரையில் சீயக்காயும் எண்ணெயும் கலந்து படர்ந்திருக்கும் பிசுக்கு, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பளபளவென்று தனியாகத் தெரிகிறது. “ஏல, தண்ணி எங்க நிக்கு, எண்ண எங்க கெடக்குன்னு இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது” என்றாள் முதல் வாரத்தில். அதுவரை கதவுக்கு வெளியே யாராவது காவல் நிற்போம். இப்போது அவள் தனியாகவே குளித்துவிட்டு வருகிறாள்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மாதம் ஒருமுறை மேலே சருகு தள்ள வேண்டும், வாய்க்காலைத் துடைக்க வேண்டும். வெயிலும் மழையும் நேராக அறையும் மேற்கு ஓரத்தில், கண்ணாடி இடுக்கை அடைத்த சிலிக்கான் பசை இப்போது ஓரம் பிரியத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஒழுகவில்லை. பங்குனியில், காய்ந்த சுவரில், பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கப் போகிறேன். பழையதன் மேலேயே பூசினால் வைகாசிச் சாரலுக்குத் தாங்காது.