தண்ணீர்போல் தெரியும் கேட்டலிஸ்ட்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

புதிதாக ஃபைபர் கிளாஸ் பட்டறை தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், ரெசினை இறுக வைக்கும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு திரவத்தையே வாங்கலாமா, வேறு ஏதாவது ஒன்றில் தொடங்கலாமா என்று கேட்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக பாலியெஸ்டர் ரெசினுக்கு நான் பயன்படுத்தி வருவது இதைத்தான். ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் சேர்க்க வேண்டும், முடுக்கியான கோபால்ட் இருந்தால்தான் அறை வெப்பத்திலேயே இறுகும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறேன். அது பார்ப்பதற்குத் தண்ணீரைப் போலவே இருக்கிறது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இது ஏமாற்றியதில்லை. பட்டறையில் எல்லோரும் கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, என்றே சொல்கிறோம். ஆனால் உண்மையான வினையூக்கியைப்போல் வினையின் முடிவில் மாறாமல் மிஞ்சுகிற பொருள் அல்ல இது. இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள வலுவற்ற பிணைப்பு அறுந்து, அதில் பிறக்கும் தனியுறுப்புகள் (எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) ரெசினையும் அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் திரவத்தையும் பின்னத் தொடங்குகின்றன. பெராக்சைடு அதிலேயே தீர்ந்துபோகிறது. வெப்பநிலையையும் அளவையும் ஒரே சீராக வைத்திருந்தால் இன்று பதினெட்டு நிமிடத்தில் கூழாகக் கெட்டிப்பட்டு ஜெல் ஆன ரெசின் நாளையும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் ஜெல் ஆகும். பென்சாயில் பெராக்சைடு பசையையும் அமீன் முடுக்கியோடு சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். குளிரில் அது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் எங்கள் வார்ப்புகளில் மஞ்சள் சாயல் ஏறியதால் விட்டுவிட்டேன்.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். ஐந்து கிலோ ரெசின் உள்ள வாளியில் 75 கிராம் ஊற்றிக் கலக்கினால், ஊற்றியதற்கான அடையாளம் எதுவும் தெரியாது. ஒருநாள் கலக்கும் பொறுப்பிலிருந்த தம்பியை நடுவில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் வாளியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஊற்றிவிட்டோமா இல்லையா? மறுபடியும் ஊற்றினால் 3 சதவீதம். வாளியிலேயே கொதித்துப் புகையும். ஊற்றாமலே விட்டு அது வெறும் ரெசினாக இருந்தால் மோல்டில் இறுகவே இறுகாது. ஊற்றியாயிற்று என்று முடிவு செய்து கண்ணாடி இழை விரிப்பின்மீது பூசினார். இரண்டு நாள் கழித்தும் விரலில் ஒட்டியது. விரிப்பை முழுவதும் சுரண்டி எடுத்து, மோல்டைத் துடைத்து மெழுகிடவே ஒரு நாள் போயிற்று. அந்தத் தம்பியின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எந்தத் தடயமும் விடாத அந்தத் திரவத்தின்மேல்தான் வந்தது.

தண்ணீர்போல் இருப்பதன் பெரிய ஆபத்து வேறு. யாராவது சிறிதளவைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்துவிடக் கூடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே கொண்டுவந்த கேனிலிருந்து அளவுக் குப்பிக்கு அன்றி வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்பதைப் பட்டறையின் முதல் விதியாக வைத்திருக்கிறேன். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வையே போகலாம். உடனே, அந்த நொடியிலேயே, குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் மருத்துவரிடம் ஓட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கேனைத் திறப்பவரை நான் வேலையில் வைத்துக்கொள்வதில்லை.

கடந்த ஆண்டு சிவப்புச் சாயம் கலந்த வகை கிடைத்தது. எதிர்பாராத மகிழ்ச்சி என்றால் அதுதான். ஊற்றியதும் ரெசினில் சிவப்புக் கோடுகள் சுழல்கின்றன, கலக்கக் கலக்கக் கோடுகள் கரைந்து வாளி முழுவதும் ஒரே இளஞ்சிவப்பாகிறது, இறுகும்போது அந்த நிறமும் மறைந்துவிடுகிறது. சரியாகக் கலக்காத மூலை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. வெள்ளை ஜெல் கோட் எனும் மேற்பூச்சில் மட்டும் மெல்லிய சாயல் மிஞ்சுவதாக எனக்குத் தோன்றியதால் அங்கே பழைய நிறமற்றதையே வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் நடந்த ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது. கோபால்ட் அளந்த குவளையைத் துடைக்காமல் ஒருவர் அதே குவளையில் பெராக்சைடை ஊற்றினார். அடியில் ஊதா நிறத்தில் ஒட்டியிருந்தது சில துளிதான். சீறிக்கொண்டு நுரைத்தது, வெண்புகை எழுந்தது, குவளையின் அடிப்பகுதி நெகிழ்ந்து வளைந்தது. அளவு அதிகமாக இருந்திருந்தால் தீயே பற்றியிருக்கும். இவை இரண்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுவதுமாகக் கலந்த பின்னரே பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். இது எல்லோருக்கும் மனப்பாடம், ஆனாலும் குவளை ஒன்றாக இருந்தது. சிந்தியதைத் துடைக்க மரத்தூளை எடுத்து வந்ததையும் அன்றுதான் பார்த்தேன். மரத்தூளும் துணியும் பெராக்சைடோடு சேர்ந்தால் தாமாகவே பற்றிக்கொள்ளும். ஈர மணலோ எரியாத கனிமத் துகளான வெர்மிகுலைட்டோதான் போட வேண்டும்.

சேமிப்பைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் கேனுக்கு, தானே வேகமெடுத்துச் சிதையத் தொடங்கும் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் என்று தகவல் தாளில் இருக்கிறது. அதற்காக 55 டிகிரியில் வைக்கலாம் என்று பொருளில்லை, 25 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். கேனின் மூடி காற்று விடும் வகையாக இருப்பதும் காரணமாகத்தான். அதை அடைத்துவிட்டால் உள்ளே சேரும் வாயு கேனை உப்ப வைத்துவிடும். குளிரூட்டியே ஆகவேண்டிய பெராக்சைடுகளின் கதை இன்னும் கடுமையானது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளத்தில் டெக்சாஸின் கிராஸ்பியிலிருந்த ஆலையில் மின்சாரம் போய், குளிரூட்டல் நின்று, அங்கிருந்த கரிமப் பெராக்சைடுகள் தாமாகவே சிதைந்து எரிந்தன. சுற்றியிருந்தவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

நண்பருக்கு என் பதில்: இவ்வளவு பாராட்டியும் இப்போதைக்கு வாங்காதீர்கள் என்றே சொல்வேன். உங்கள் பட்டறையில் ரெசினும் கோபால்ட்டும் பெராக்சைடும் ஒரே அறையில் இருக்கப்போவதாகச் சொன்னீர்கள். அறையைப் பிரியுங்கள், குவளைகளை நிறம் பிரித்து வாங்குங்கள், கண் கழுவும் குழாயை வையுங்கள். அதன் பிறகு முதல் கேனைச் சிவப்புச் சாய வகையிலேயே வாங்குங்கள்.