கட்டு லைனா, நின்று தைக்கும் யூ லைனா? எட்டுப் பேர் தையல்கூடத்துக்கு ஒரு கணக்கு

கிழக்கிலங்கையில், ஏறாவூரிலோ சம்மாந்துறையிலோ எட்டுப் பேரை வைத்துப் பள்ளிச் சேர்ட் தைக்கிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 20 துண்டைக் கட்டாகக் கட்டி மெசினுக்கு மெசின் நகர்த்தும் கட்டு லைன். மற்றது, மெசின்களை யூ வடிவில் போட்டு, ஆட்கள் ஒற்றைத் துண்டோடு நடந்து நடந்து தைக்கும் டொயோட்டா முறை. என் சாய்வு இரண்டாவதுக்குத்தான்.

தேங்கும் சரக்கு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மெசினுக்கு ஒரு கட்டு கையில், ஒரு கட்டு பக்கத்தில் என்றால் 320 சேர்ட் உள்ளே கிடக்கும். நூல் இறுக்கம் பிசகினால் ஒரு கட்டே பழுதான பிறகுதான் தெரியவரும். யூ லைனில் அடுத்த கையிலேயே பிடிபடும்.

தீர்மானிப்பது ஆள் வராத நாள். வேளாண்மை வெட்டு, நோன்பு, கோயில் திருவிழா என்று இங்கே அதற்குக் குறைவில்லை. பட்டன் வேலை நீங்கலாக ஒரு சேர்ட்டுக்கு 12 நிமிடத் தையல், நாளுக்கு 480 நிமிடம் என்று வையுங்கள். எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 1.5 நிமிடம். ஆனால் தையலை அப்படி அளந்து வெட்ட முடியாது; கொலர் பூட்டுகிறவரிடம் 1.9 நிமிடம் போய்ச் சேரும். லைனின் வேகமும் அதுதான்: நாளுக்கு 252 சேர்ட், சமநிலை (1.5 ஐ 1.9 ஆல் வகுத்தால் வருவது) 79 சதவீதம். ஒருவர் வராவிட்டால் அவருடைய 1.3 நிமிடம் பக்கத்திலிருப்பவரின் 1.5 உடன் சேர்ந்து 2.8 ஆகும், எண்ணிக்கை 171 க்கு விழும். கெட்டிக்காரச் சுப்பவைசர் வேலையை மறுபடி பிரித்து இதைத் தூக்கிவிடுவார், ஆனால் அதற்குள் மத்தியானமாகிவிடும்.

யூ லைனில் யாருக்கும் நிரந்தர இடமில்லை. கடைசி ஆள் சேர்ட்டை முடித்ததும் பின்னுக்கு நடந்து, தனக்கு முந்தியவர் கையிலிருப்பதை வாங்குவார். அவர் தனக்கு முந்தியவரிடம் போவார். முதல் ஆள் புதுத் துண்டு எடுப்பார். மெதுவானவர் தொடக்கத்திலும் வேகமானவர் கடைசியிலும் நின்றால் வேலை தானாகவே பங்காகிவிடும். 1996 இல் பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணிதமாகவே காட்டினார்கள். வரிசை மாறினால் வேகக்காரர் மெதுவானவருக்குப் பின்னால் சும்மா நிற்பார். எட்டுப் பேரும் நாள் முழுக்கத் தைத்தால் 320 சேர்ட்; நடைக்கும் காத்திருப்புக்கும் அதில் 15 சதவீதம் கழித்தாலும் 272 வரும். ஏழு பேரென்றால் 238. எல்லாரும் கொஞ்சம் கூட நடப்பார்கள், அவ்வளவுதான்.

செலவு இல்லாமல் இல்லை. எட்டுப் பேருக்கு 12, 13 மெசின் வேண்டும். நின்று தைக்க மேசைகளை உயர்த்த வேண்டும். எந்நேரமும் சுற்றும் கிளச் மோட்டரைக் கழற்றி, மிதித்தால் மட்டும் சுற்றும் சர்வோ மோட்டர் பூட்டாவிட்டால் சும்மா நிற்கிற மெசினும் கரண்ட் தின்னும். ஒவ்வொருவரும் அடுத்தடுத்த மூன்று, நாலு மெசின் பழக வேண்டும். ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெசினிலேயே இருந்தவருக்குக் கொலர் லேசில் படியாது. பட்டன்ஹோல் லைனுக்கு வெளியே கட்டாகவே போகட்டும். டெனிம் மாதிரிக் கனத்த துணிக்கு இதே கணக்கை நான் சொல்லமாட்டேன்.

கூலியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆளுக்கு ஆள் துண்டுக்கூலி வைத்தால், கடைசியில் நிற்கிற வேகக்காரர் 'என் உழைப்பில் மற்றவர் சம்பளம் எடுக்கிறார்' என்று சண்டைக்கு வருவார். லைன் முடித்த மொத்தத்துக்கு ஒரு தொகை வைத்து அதைப் பங்கிட்டு, அதிக மெசின் தெரிந்தவருக்கு நாட்கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.