நாற்று விடக் குழித்தட்டா, காகிதக் கப்பா, நார் வில்லையா?

வீட்டுக்குள் முதன்முதலாக விதை போடுபவருக்கு 50 குழிகள் கொண்ட குழித்தட்டுதான் சரி. முளைப்பைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். தக்காளி விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, 25 டிகிரி வெப்பத்தில் வைத்தால், எதில் போட்டாலும் 5 முதல் 10 நாளில் எட்டிப் பார்க்கும். வெளிச்சமும் மூன்றுக்கும் ஒன்றே: முளை வந்த நாள் முதல் தினம் 14 மணி நேரமாவது வேண்டும், குறைந்தால் தண்டு நூலாக நீளும்.

வித்தியாசம் ஈரத்தில்தான். ஈரம் மிஞ்சினால் பித்தியம் போன்ற கிருமிகள் பெருகி நாற்றழுகல் வரும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து இளைத்து, இன்று சாய்ந்து கிடக்கும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அதனால் தண்ணீரை மேலே ஊற்றாமல், அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். குழித்தட்டில் இது எளிது: 2 சென்டிமீட்டர் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் தட்டை 15 நிமிடம் வைத்து, எடுத்து வடிய விடுங்கள். மறுபடி எப்போது என்பதைத் தட்டைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும். நனைந்த தட்டு கனக்கும், காய்ந்தது லேசாகிவிடும்.

தேங்காய்நார்க் கழிவு மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வடிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். தட்டின் குறை, ஓரக் குழிகள் நடுக்குழிகளைவிடச் சீக்கிரம் காய்வது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓரக் குழிகளை மட்டும் கவனித்து நனைத்தால் போதும்.

மண்ணில் மக்கும் காகிதக் கப்பாக இருந்தால் நாற்றைப் பெயர்க்காமல் கப்போடு அப்படியே நடலாம் என்பார்கள். ஆனால் அதன் சுவரே ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிறது. ஒரு கப் காய்ந்தும் பக்கத்துக் கப் சொதசொதத்தும் இருக்கும், சுவரில் பூசணமும் படரும். நடும்போது விளிம்பு மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வேருக்கான ஈரத்தையும் இழுத்துவிடும். விளிம்பைக் கிழித்துவிட்டு நடுங்கள். வேரைத் தொந்தரவு செய்தால் தாங்காத வெள்ளரி, பூசணி, பீர்க்குக்கு மட்டும் கப்பே மேல்.

தண்ணீரில் ஊறி உப்பும் நார் வில்லைகள் சுத்தமானவை, கலவை தயாரிக்கும் வேலையும் இல்லை. ஆனால் சத்து மிகக் குறைவு. முளையோடு வரும் வித்திலைகளுக்கு அடுத்து முதல் உண்மை இலை வந்ததும் பாதி வீரியத்தில் திரவ உரம் கொடுக்காவிட்டால் இலை வெளிறும். சுற்றியுள்ள வலை சில ரகங்களில் மண்ணில் மக்குவதில்லை. நடும்முன் கிழித்து எடுத்துவிடுவது நல்லது.

குழித்தட்டில் தக்காளி நாற்று 25 முதல் 30 நாளில் நடவுக்குத் தயாராகும். தண்டைப் பிடித்து இழுக்காமல், அடித்துளை வழியாகப் பென்சிலால் தள்ளுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு கட்டியாக வந்தால் நடலாம். உதிர்ந்தால் இன்னும் நாலைந்து நாள் விட்டுவையுங்கள். அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் நாள் கடந்துவிட்டது, உடனே நட்டுவிட வேண்டும்.