நீரிழிவு உள்ளவர்களுக்கான இணையவழித் தளர்வுப் பயிற்சி வகுப்பு: ஒரு மதிப்புரை

மன அழுத்தத்தின்போது சுரக்கும் அட்ரினலின், கார்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியேற்றச் செய்வதால், உணவில் மாற்றமே இல்லாத நாளிலும் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும் என்பதை விளக்கிய பிறகே பயிற்சிக்குள் அழைத்துச் செல்வது இந்த இணையவழி வகுப்பின் முதற்சிறப்பு.

எனக்கு மிகவும் பயன்பட்டது தசைத் தளர்வுப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்த முறையைத் தழுவி, பாதம் தொடங்கி நெற்றி வரை ஒவ்வொரு தசைத் தொகுதியையும் சில நொடிகள் இறுக்கிப் பின் தளர்த்தச் சொல்கிறார்கள். பயிற்றுநர் அவசரப்படுத்துவதில்லை, பேச்சுக்கிடையே போதிய அமைதியும் விடுகிறார். (பின்னணி இசையை நிறுத்தும் வசதி இருந்திருக்கலாம்.) இந்தப் பகுதிக்காகவே வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

நடைப்பயிற்சி அட்டவணை, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற பொதுப் பரிந்துரையை ஒட்டியது; குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாதுகாப்புக் குறிப்புகள்தாம் போதவில்லை. இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு உடற்பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும். அது 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்ற அடிப்படைச் செய்தியே இறுதிப் பாடத்தில்தான் வருகிறது. படபடப்பும் வியர்வையும் பதற்றத்துக்கும் தாழ்சர்க்கரைக்கும் பொதுவான அறிகுறிகளாக இருக்க, மூச்சுப் பயிற்சிக்கு அமரும் முன் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லாதது பெருங்குறை. நீரிழிவால் விழித்திரை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் தலை தாழ்ந்திருக்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் எங்கும் காணப்படவில்லை.