கிரவுன் கழன்றால்: திரும்ப ஒட்டுவதா, புதிது போடுவதா, பல்லைப் பிடுங்குவதா?

கிரவுன் என்பது பல்லின் மேல் தொப்பிபோல ஒட்டும் உறை. கழன்ற கிரவுனைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பதில் பாதி முடிவு அங்கேயே இருக்கிறது.

உள்ளே வெறும் குழியாக இருந்து, சுவரில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீமெந்துப் படலம் மட்டும் தெரிந்தால், விட்டுப்போனது ஒட்டு மட்டுமே. பல் பெரும்பாலும் தப்பியிருக்கும். குழி நிறையப் பல் நிறத்தில் கெட்டியாக ஏதாவது அடைந்திருந்தால், உள்ளேயிருந்த பல்லோ, அதைக் கட்டியெழுப்பிய நிரப்பலோ முறிந்து கிரவுனோடு வந்துவிட்டது. அடியில் ஆணிபோல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது போஸ்ட். வேர்ச் சிகிச்சை செய்த, அதாவது நரம்பை எடுத்து வேரை நிரப்பிய, பல்லின் வேருக்குள் அது இறங்கியிருந்தது. பழுப்பு நிறத்தில் மெதுமெதுப்பாக, கெட்ட மணத்தோடு ஏதாவது இருந்தால் கிரவுனுக்கு அடியில் சூத்தை புகுந்து பல நாளாகிவிட்டது.

கிரவுனைக் கழுவி, மூடியுள்ள சிறு போத்தலில் போட்டு வையுங்கள். டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்த கிரவுன் குப்பையோடு போவது அடிக்கடி நடக்கும். கழுவும் முன் பேசின் துவாரத்தைத் துணியால் அடைத்துவிடுங்கள். ஊசியாலோ கத்தியாலோ உட்புறத்தைச் சுரண்ட வேண்டாம். ஓரம் மயிரளவு சிதைந்தாலும் பிறகு சரியாகப் பொருந்தாது.

விழுங்கிவிட்டால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் சில நாட்களில் மலத்தோடு போய்விடும். போஸ்ட் உள்ள கிரவுன் கூரானது, ஆகவே அதை விழுங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்றுவலி, வாந்தி வந்தாலும் அப்படியே. புரையேறி இருமல் நிற்காமல், மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அப்போது வீட்டில் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அன்றிரவு: வீட்டில் ஒட்டுவதா, கழற்றியே வைப்பதா?

இரண்டுக்கும் நியாயம் உண்டு. உயிருள்ள பல்லில், அதாவது வேர்ச் சிகிச்சை செய்யாத பல்லில், கிரவுன் போனால் குளிர் தண்ணீரும் காற்றும் பட்டே சுள்ளென்று கூசும். கிரவுனைத் திரும்ப வைத்தால் அந்தக் கூச்சம் அடங்கும். பக்கத்துப் பற்களும் அசையாமல் இடம் காக்கும். ஆனால் கோணலாக ஒட்டினால் அந்தப் பல்லே முழுக் கடியையும் தாங்கும். ஒட்டு பலமில்லாவிட்டால் தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

வெறும் குழியான கிரவுன், உடையாத பல், வீக்கமில்லை, வைத்தியரைப் பார்க்க ஓரிரு நாள் ஆகும் என்றால் மட்டும் வீட்டில் ஒட்டலாம். போஸ்ட் உள்ளதையும் பல் உடைந்து வந்ததையும் தொட வேண்டாம். பாரிசவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் மறதி நோயுள்ள முதியவர்களுக்கும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

ஒட்டும் முறை இது. பல்லை மெதுவாகத் துலக்கிச் சோற்றுப்பருக்கை எதுவும் இல்லாமல் கொப்பளியுங்கள். கிரவுனுக்குள் தளர்ந்திருக்கும் சீமெந்துத் துகளை மரப் பற்குச்சியால் தட்டிவிடுங்கள். பசை எதுவும் இல்லாமல் முதலில் வெறுமனே பொருத்திப் பாருங்கள். கிரவுனுக்குக் கன்னப்பக்கம், நாக்குப்பக்கம் என்று உண்டு. சரியான திசையில் அது ஒரே இடத்தில் போய் உட்காரும். மெல்ல வாயை மூடும்போது மற்றப் பற்களும் முன்போலவே சந்திக்க வேண்டும். இது மட்டும் முதலில் முட்டினால், கொஞ்சம்தானே என்று விடாமல், ஒட்டுவதைக் கைவிடுங்கள்.

சரியாக உட்கார்ந்தால் பல்லைச் சுத்தமான கோஸ் துணியால் ஒற்றி உலர்த்தி, பாமசியில் விற்கும் தற்காலிகப் பல் சீமெந்தை உட்சுவரில் மெல்லிய படலமாகத் தடவுங்கள். அது கிடைக்காவிட்டால் பல்செட் ஒட்டும் கிரீம் ஒரு பயறு அளவு போதும். குழியை நிரப்பினால் கிரவுன் மேலெழும்பி நிற்கும். விரலால் அழுத்தி, பிறகு மடித்த கோஸைக் கடித்தபடி பைக்கற்றில் சொன்ன நேரம் வரை இருங்கள். பிதுங்கியதைத் துடைத்தெடுங்கள். புளோஸ் நூல் போட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். மேலே இழுத்தால் கிரவுனும் கூடவே வரும். கிரீமில் நிற்கும் கிரவுனை இரவில் கழற்றிப் போத்தலில் வைத்துவிட்டே படுக்க வேண்டும்.

சுப்பர் குளூவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லோர் கையும் அதை நோக்கித்தான் போகிறது. ஈரம் பட்டதும் நொடியில் இறுகுவது அதன் குணம். வாயில் ஈரத்துக்குக் குறைவேயில்லை. கிரவுன் முழுதாக இறங்கும் முன்னமே பிடித்துவிடும். இறுகும்போது சூடு கக்கி உயிருள்ள பல்லின் நரம்பையும் முரசையும் தாக்கும். உட்சுவரில் ஒட்டிய படலத்தை உரித்தெடுக்கும்போது நல்ல கிரவுனே கெட்டுப்போகலாம். ஒட்டிக் காப்பாற்றியிருக்கக்கூடிய கிரவுன் புதிது போடும் செலவாக மாறுவது இப்படித்தான். அரல்டைட்டுக்கும் இதே பதில்.

கூச்சத்துக்குக் கராம்பு எண்ணெய் உதவும். பஞ்சு முனையில் ஒரு சொட்டு, பல்லில் மட்டும். முரசில் பட்டால் எரிந்து புண்ணாகும். அதைப் போட்டிருந்தால் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள்: கராம்பிலுள்ள யூஜினோல் ரெசின் வகைச் சீமெந்தை இறுகவிடாது. வலிக்கு, ஈரல் நோய் இல்லாத பெரியவர்கள் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டு குளிசையை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லையென்று தெரியும் வரை இபுபுரோபன், அஸ்பிரின் வேண்டாம்.

திரும்ப ஒட்டுவதா, புதிது போடுவதா?

எக்ஸ்றே எடுக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கழன்றதும் ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிட்டால் அன்றைக்கு நிம்மதிதான். அடியில் சூத்தை இருந்தால் மூடிய அறைக்குள் அது வேரை நோக்கித் தின்றுகொண்டே போகும்.

திரும்ப ஒட்டுவதற்கு நான்கு விடயம் பொருந்த வேண்டும். கிரவுனில் ஓட்டை, வெடிப்பு இருக்கக்கூடாது. ஓரம் பல்லோடு இடைவெளியின்றிச் சேரவேண்டும். அடியில் சூத்தை இருக்கக்கூடாது, அல்லது சுரண்டி நிரப்பக்கூடிய அளவே இருக்கவேண்டும். நான்காவது, கிரவுனுக்காகச் செதுக்கிய பல்லின் முண்டு போதிய உயரம் நிற்க வேண்டும்: கடைவாய்ப்பல்லில் 4 மில்லிமீற்றர், மற்றவற்றில் 3 மில்லிமீற்றர் என்பது பொதுவான கணக்கு. முண்டு அதைவிடக் குட்டையாகவோ கூம்புபோல மேலே ஒடுங்கியோ இருந்தால், எந்தச் சீமெந்தும் நெடுநாள் தாங்காது. பிடிப்பின் பெரும்பகுதி முண்டின் வடிவத்திலிருந்தே வருகிறது.

பத்துப் பதினைந்து வருடம் உழைத்த கிரவுன் முதல்முறை கழன்று, பல்லும் நன்றாக இருந்தால், தயங்காமல் ஒட்டலாம். பழைய சீமெந்து எச்சிலில் கரைந்து போயிருக்கும். போட்ட ஆறு மாதத்தில் கழன்றால் காரணம் வேறு: குட்டை முண்டு, உயரமாக முட்டும் கடி, ஒட்டும்போது புகுந்த ஈரம், அல்லது இரவில் பல் நறநறப்பது. காரணத்தைத் திருத்தாமல் ஒட்டினால் கிரவுன் திரும்பவும் கழலும். இரண்டாம் முறையும் கழன்றால் மூன்றாம் முறை ஒட்டச் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு தரமும் கழலும் முன் பல கிழமை அது கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் சூத்தை தொடங்குகிறது.

ஒட்டும் முறையும் கிரவுனின் இனத்தைப் பொறுத்தது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கிரவுனுக்குக் கிளாஸ் அயனோமர் சீமெந்து பொதுவாகப் போதும். பல் நிறத்திலுள்ள கடினமான பீங்கான் வகையான சிர்கோனியாவில் எச்சில் பட்டாலே மேற்பரப்பில் பொஸ்பேட் ஒட்டிக்கொண்டு பிடிப்பைக் கெடுக்கும். ரெசின் சீமெந்தால் ஒட்டுவதானால் அலுமினாத் துகளை உள்ளே வீசிச் சுத்தம் செய்து, அதற்குரிய பிரைமர் என்ற பிடிப்புத் திரவத்தைத் தடவ வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவி ஒட்டிய சிர்கோனியா சீக்கிரம் கழல்வதற்கு இது ஒரு காரணம். உங்கள் கிரவுன் என்ன வகை என்று பழைய பற்றுச்சீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள்.

செலவிலும் நேரத்திலும் வித்தியாசம் பெரிது. ஒட்டுவது ஒரே வரவில் முடியும். புதிதென்றால் சூத்தை எடுத்து, முண்டைச் சரிசெய்து, அச்செடுத்து, லாபிலிருந்து வரும் வரை தற்காலிக அக்ரிலிக் கிரவுனோடு இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வரவு. அந்தத் தற்காலிகக் கிரவுன் கழன்றால் வலியில்லையென்று விட்டுவிடாதீர்கள். பல் நகர்ந்துவிட்டால் லாபிலிருந்து வரும் புதுக் கிரவுன் இறங்காது.

நாட்கள்தான் இந்த ஒப்பீட்டில் பாரமான பக்கம். முதல் கிழமைக்குள் போனால் பழைய கிரவுன் பெரும்பாலும் உட்காரும். பிறகு முரசு ஓரத்தின் மேல் படரும். பக்கத்துப் பல் சாயும். எதிர்ப்பல் இறங்கத் தொடங்கும். நாள் போகப்போக நல்ல கிரவுனும் இறுகி இறங்க மறுக்கும். வேர்ச் சிகிச்சை செய்த பல்லில் வலியே இராது என்பதால் அதைத்தான் மக்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். கூசிக் கத்தும் பல்லைவிட அதற்குத்தான் அவசரம் அதிகம். உள்ளிருக்கும் நிரப்பலுக்குள் எச்சில் கசிந்து கிருமி இறங்கினால் வேர்ச் சிகிச்சையையே திரும்பச் செய்ய நேரும். போதாக்குறைக்கு, கிரவுனில்லாத அந்தப் பல் பாக்குச் சீவலிலோ நண்டுக் காலிலோ ஒரே கடியில் பிளக்கும்.

முறிந்த பல்: காப்பாற்றுவதா, பிடுங்குவதா?

முரசுக்கு மேலே சுற்றிவர 1.5 முதல் 2 மில்லிமீற்றர் நல்ல பல் நின்றால் போஸ்ட் வைத்தோ நிரப்பலால் கட்டியோ புதுக் கிரவுன் போடலாம். பீப்பாயைக் கட்டும் இரும்பு வளையம்போல, கிரவுன் அந்த விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும். விளிம்பே இல்லாத வேரில் போஸ்ட் இறக்கினால் ஒவ்வொரு கடியும் ஆப்பாக வேலை செய்து வேரைப் பிளக்கும். வேர் நெடுக்காக ஏற்கனவே பிளந்திருந்தால், பல்லுக்கும் முரசுக்கும் நடுவே ஒரு புள்ளியில் மட்டும் ஆழமாக இறங்கும் பை, அடிக்கடி வந்து போகும் சீழ்ப்பரு போன்றவை காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட பல்லுக்கு மேலும் பணம் போட வேண்டாம், பிடுங்குவதே சரி.

பிடுங்கிய பின் இருக்கும் வழிகளில் கழற்றி மாட்டும் பல்செட் மலிவு, ஆனால் அசையும். பக்கத்துப் பற்களில் ஒட்டி நிற்கும் செயற்கைப் பல்லான பிரிட்ஜுக்கு அந்தப் பற்களைச் செதுக்க வேண்டும். அவை ஏற்கனவே பெரிய நிரப்பலோடு இருந்தால் நட்டமில்லை, நல்ல பற்களென்றால் வருத்தம்தான். தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. எலும்பு ஆறவே பொதுவாக மூன்று நான்கு மாதம் வேண்டும், செலவும் கூட. கடைசிக் கடைவாய்ப்பல் என்றால் ஒன்றும் வைக்காமல் விடுவதும் மோசமான தெரிவல்ல. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் எடுப்பவர்களும் இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களும் பிடுங்கும் முன்பே அதைச் சொல்ல வேண்டும். தானாக மருந்தை நிறுத்தக் கூடாது.

திருகோணமலையில் எங்கே?

அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவில் வலி, வீக்கம், பிடுங்கல், நிரப்பல் எல்லாவற்றுக்கும் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். கழன்ற கிரவுனைக் கொண்டுபோய் ஒட்ட முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. புதுக் கிரவுன் வேலை பொதுவாகத் தனியாரிடம்தான் முடியும், அல்லது பேராதனைப் பல் வைத்தியசாலைபோல விசேட வைத்தியர்கள் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். போஸ்ட் முறிந்து வேருக்குள் நிற்பது, வேர்ச் சிகிச்சையைத் திரும்பச் செய்வது போன்றவற்றுக்குப் பேராதனைப் பயணம் தகும். வெறும் ஒட்டு வேலைக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. போகுமிடத்தில் இருப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பல்செட் செய்பவர்கள் எல்லோரும் பல் வைத்தியர்கள் அல்ல.

2009இல் பாலம் திறந்தபின் கிண்ணியாவிலிருந்து நகருக்கு வர இழுவைப்படகுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தவர்களுக்கு மார்கழி மழையில் பாதை எப்போது தண்ணீருக்குள் போகும் என்று தெரியாது. அவர்கள் வாடைக்காற்று தொடங்கும் முன்பே ஆடும் கிரவுனைக் காட்டி ஒட்டிக்கொள்வது நல்லது. ஆடுகிறதா என்று அறிய, அதை விரலால் அழுத்தி விடுங்கள். ஓரத்தில் எச்சில் குமிழ் வந்தால் உள்ளே சீமெந்து விட்டுப்போயிருக்கலாம்.

முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமலோ, விழுங்கக் கஷ்டமாகவோ இருந்தால் கிரவுனை மறந்துவிட்டு அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு வீக்கத்துக்கும் தாமதிக்க வேண்டாம்.

மரக்கும் ஊசி போட்டிருந்தால், ஒட்டிய பிறகு மரத்தது முழுதாகத் தெளியும் வரை சாப்பிடாதீர்கள். கிளாஸ் அயனோமர் முழுப்பலம் பெற ஒரு நாள் எடுக்கும். அதுவரை இடியப்பமும் சொதியும், மறுபக்கத்தால். தொதல், மஸ்கட், எள்ளுருண்டை அந்தப் பக்கம் வேண்டாம். மறுநாளும் கடிக்கும்போது அது மட்டும் முதலில் முட்டுவதாகத் தோன்றினால் திரும்பப் போய்க் கடியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நிறத்தாளைக் கடிக்க வைத்து, முட்டும் புள்ளியைத் தேய்த்துவிட சில நிமிடம்தான் ஆகும்.