டாய்ட்டர் ஏர்காண்டாக்ட் லைட் 45+10 எஸ்எல்: கனச்சுமையில் பெண்ணின் காலடிக்கு ஏற்ற பையா?

பெண்களுக்கென்று விற்கும் ரக்சாக்குகள், அதாவது முதுகில் மாட்டும் மலையேற்றப் பைகள், பலவற்றில் நிறம் மட்டும்தான் மாறியிருக்கும். ஜெர்மனியின் டாய்ட்டர் நிறுவனம் பெண்களுக்காகத் தரும் எஸ்எல் வரிசையில் வெட்டே வேறு. முதுகு நீளம் குறைவு. தோள்பட்டைகள் ஒடுக்கமானவை, அருகருகே தைக்கப்பட்டவை. இடுப்புப்பட்டையின் இரண்டு சிறகுகளும் மேலே குறுகி, கீழே விரிந்து, கூம்பு வடிவில் இருக்கும். இந்த மூன்றாவது அம்சத்துக்காகவே இந்தப் பையை வாங்கலாம். அது எவ்வளவு பயன்படுகிறது என்பதைக் கால்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

1986-ல் மார்ட்டின், நெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆண்களையும் பெண்களையும் 36 கிலோ வரை சுமந்து நடக்கவைத்து அளந்தார்கள். சுமை கூடக்கூடக் காலடி குறுகியது, நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் அடிகள் கூடின, இரண்டு பாதமும் ஒருசேரத் தரையில் நிற்கும் நேரம் நீண்டது. பெண்களிடம் இந்த மாற்றங்கள் கூடுதலாகவே தெரிந்தன. இதில் உயரத்துக்கும் உடல் எடைக்கும் பங்குண்டு. அதே 15 கிலோ பை 75 கிலோ ஆளுக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 50 கிலோ ஆளுக்குப் பத்தில் மூன்று பங்கு. மணிக்கு 5 கி.மீ. போக 76 செ.மீ. காலடிக்கு நிமிடத்துக்கு 110 அடி போதும். 65 செ.மீ. காலடிக்கு 128 வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடுதல் அடிகள், ஒவ்வொன்றும் பையின் கனத்தோடு.

முதுகில் கனம் ஏறினால், நடக்கும்போது இடுப்புக்கூடு இடவலமாகத் திரும்புவது குறைகிறது. காலடிக்கு நீளம் சேர்ப்பதில் அந்தத் திருப்பத்துக்கும் பங்குண்டு. அது குறையும்போது தொடைமூட்டு கூடுதலாக அசைந்து ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆகவே தொடை மடங்கும் இடத்தில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. நேராக வெட்டிய பட்டை அகன்ற இடுப்பில் கீழ்விளிம்பால் மட்டும் பிடிக்கும்; மேலே இடைவெளி விழும். ஏற்றத்தில் அது மெல்ல வழுக்கி இறங்கி, தொடை மடிப்பை அழுத்தும். காலடி இன்னும் குறுகும். வழுக்காமல் இருக்க இறுக்கினால் வயிறு நெரியும். தளர்த்தினால் பாரம் தோளுக்கு ஏறி உடம்பு முன்னால் சாயும். எஸ்எல் பட்டையின் கூம்பு வெட்டு இந்தச் சங்கடத்தைத்தான் தீர்க்கிறது. இடுப்பு அகன்று இடை ஒடுங்கிய உடம்பில் பட்டை முழு அகலத்துக்கும் படிகிறது.

ஆனால் சரியாக மாட்டினால்தான். முதலில் தலையைக் குனிந்து, பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை நாடாவால் அளக்க வேண்டும். பையின் முதுகு நீளத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை, 10 கிலோவாவது உள்ளே வையுங்கள். எல்லா வார்களையும் தளர்த்தி, சிறகின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரும்படி முதலில் இடுப்புப்பட்டையை இறுக்குங்கள். வார்களை முன்னோக்கி இழுத்து இறுக்கும் அமைப்பு என்பதால் இது எளிது. பிறகு தோள்பட்டை, அதன்பின் தோளுக்கு மேலுள்ள சிறு வார், கடைசியில் மார்புப்பட்டை. இந்த வரிசை மாறினால் பாரம் தோளிலேயே தங்கிவிடும். மாட்டியதும் முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பட்டை தொடையில் இடித்தால் அது தாழ்ந்திருக்கிறது.

முதுகோடு ஒட்டும் நுரைமெத்தைதான் இதன் இன்னொரு பலம். முதுகுப்புறம் வலை இழுத்துக் கட்டிய பைகளில் காற்று நன்றாகப் போகும், ஆனால் பாரம் உடம்பிலிருந்து சில செ.மீ. பின்னால் தள்ளி நிற்கும். அதை ஈடுகட்ட உடம்பு முன்னால் சாயும். இதில் சாய்வு குறைவு, வியர்வை அதிகம். கனச்சுமைக்கு இந்தப் பேரம் நியாயமானதே. பையின் மேல்வாயிலுள்ள கழுத்துப்பகுதியை மேலே இழுத்துக் கிடைக்கும் கூடுதல் 10 லிட்டரில் மட்டும் கவனம் தேவை: அங்கே தூங்குபை மாதிரி இலேசான பொருள்களே போக வேண்டும். கனமானவை முதுகை ஒட்டி, நடு உயரத்தில்.

எந்தப் பையும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு: அடுத்தவரின் காலடிக்கு நம் காலை நீட்டுவது. ஆஸ்திரேலிய ராணுவப் பயிற்சியில் பெண்களுக்கு இடுப்பெலும்பில் அழுத்த முறிவுகள் (திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் உண்டாகும் விரிசல்கள்) கூடியபோது, அணிவகுப்பு வேகத்தை மணிக்கு 7.5 கி.மீ.யிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். அவரவர் காலடி நீளத்தில் நடக்கவும் விட்டார்கள். ஓட்டப் பயிற்சியையும் மென்மையான தரைக்கு மாற்றினார்கள். முறிவு 11.2 சதவீதத்திலிருந்து 0.6-க்கு இறங்கியது. 1999-ல் வெளிவந்த இந்த முடிவை மலையேற்றக் குழுத் தலைவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குட்டையானவரை முன்னால் விட்டு, அவர் காலடிக்கு மற்றவர்கள் நடப்பதுதான் முறை. நெட்டையானவர் தன் காலடியைக் குறுக்கினால் அவருக்குச் சலிப்பு மட்டுமே. குட்டையானவர் நீட்டினால் எலும்புக்கே ஆபத்து.

எஸ்எல் என்ற எழுத்தைப் பார்த்து எல்லாப் பெண்களும் இதை வாங்க வேண்டியதில்லை. உடற்பகுதி நீண்ட பெண்ணுக்கு இதே பையின் சாதாரண வடிவம் பொருந்தக்கூடும். குறுகிய முதுகும் ஒடுங்கிய தோளும் உள்ள ஆணுக்கு எஸ்எல் நன்றாகவே அமையலாம். மிக ஒல்லியானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பட்டையை முழுக்க இறுக்கியபின் இரண்டு சிறகுகளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். சிறகுகள் முன்னால் முட்டிக்கொண்டால் அதற்குமேல் இறுக்க வழியில்லை. நெடும்பயணத்தில் இடை இளைத்ததும் பாரம் முழுவதும் தோளுக்கு வந்துவிடும். அப்படியானால் வேறு பை பாருங்கள்.